கிழக்கே நகர்ந்த கரை

அக்டோபர் 9, வியாழன்

காலையிலிருந்து மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. இருந்தும் வேலையை முடித்துவிட்டேன். புரொல்லஸ் ஏரியின் செயற்கைக்கோள் படங்கள் அத்தனையும் டிஃப் கோப்புகளாகிவிட்டன. ஒவ்வொன்றாகத் திறந்து, வேறு வடிவத்தில் சேமித்து, மூடிக்கொண்டிருந்தால் அடுத்த வாரம்வரை இழுத்திருக்கும். கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை. இந்தக் கோப்புறையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் இதையே செய் என்று எழுதி என்டர் தட்டினால் போதும். பூஜ்யம், பத்து, இருபது என்று எண்கள் ஓடி நூறில் நிற்கும், அடுத்த படம் தொடங்கும். அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும்.

நிஹாலுக்குப் பிடிக்காது. "அடுப்புல பால் வெச்சவ மாதிரி உக்காந்திருக்கியேடி ராவ்யா. பொங்கினா அதுவே சொல்லும். வா, டீ ஆறுது."

அலுவலகம் என்றால் நாங்கள் இருவர்தான். கல்லூரி முடித்ததிலிருந்து சேர்ந்தே இருக்கிறோம். படம் என் பொறுப்பு, பேச்சு அவள் பொறுப்பு. எனக்கு ஆட்களிடம் பேச வராது. அவளுக்குக் கறுப்புத் திரையைக் கண்டால் தலைவலி. அலெக்ஸாண்டிரியாவில் இப்படி ஒரு ஜோடி வேறெங்கும் கிடையாது என்று அம்மா சொல்வாள்.

வேலை மீனவர் சங்கத்துக்கு. ஏரியின் கிழக்குக் கரையில் மீன்பண்ணை வைத்திருக்கும் ஹாஜி ராகிப், ஏரிக்குள்ளேயே மண்ணைக் கொட்டி அணைக்கரை எழுப்பிவிட்டார் என்று வழக்கு. கரை நிற்பது அரசு வரைந்த ஏரி எல்லைக் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? நீதிமன்றம் கேட்பது இந்த ஒன்றைத்தான். உள்ளே என்றால் உடைக்க வேண்டும். வெளியே என்றால் அது அவருடைய நிலம், வழக்கு முடிந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

பல்தீம் வரை மைக்ரோபஸ், அங்கிருந்து ஏரிக்கு டுக்டுக் ஆட்டோ, பிறகு படகு. படகை ஓட்டியவர் மீனவர் சங்கத் தலைவர் அவத். ஊரே அவரை ரைய்யிஸ், அதாவது தலைவரே, என்கிறது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நிஹால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்க, கால் முழங்கால்வரை போய்விட்டது. "ஏரிக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு எஞ்சினியரம்மா, விட மாட்டேங்குது" என்று ரைய்யிஸ் கை கொடுத்துத் தூக்கினார்.

அணைக்கரை கண்ணில் பட்டதும் அவர் சிரிப்பு போய்விட்டது. நாணல்களுக்கு நடுவே மண்சுவர், வண்டி போகும் அகலத்துக்கு. அதற்கு அந்தப் பக்கம் ஹாஜியின் தண்ணீர். இந்தப் பக்கம் இவர்களுடைய படகுகள் கவிழ்த்துப் போட்டுக் கிடக்கின்றன. கடலிலிருந்து வரும் குஞ்சு மீன்கள் ஒதுங்கி வளர்வது அந்த ஆழமில்லாத கிழக்கோரத்தில்தான். அதையே வளைத்துவிட்டார்கள்.

"இங்க வலை போட்டுத்தான் ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக் குடுத்தேன்" என்றார். "மூணாவது வீட்டுல இருக்கா."

கரை மேல் இருந்த காவல்காரன் துப்பாக்கியை ஆட்டி, "படகைத் திருப்பு!" என்று கத்தினான்.

ரைய்யிஸ் எழுந்து நின்றார். "போடா! உங்கப்பன் முங்கிக் குளிச்ச தண்ணிடா இது! அவன் வந்து சொல்லட்டும், திருப்பறேன்!"

வடிகால் ஏரியில் விழும் இடத்தில் ஒரு பழைய மதகு இருக்கிறது. அரசின் வரைபடத்திலும் உண்டு, செயற்கைக்கோள் படத்திலும் தெரியும். இரண்டையும் பொருத்திப் பார்க்க அதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. அதன் மேல் ஏறி நின்று இடத்தைப் பதிவு செய்துகொண்டேன்.

மதியம் ரைய்யிஸ் வீட்டில் சாப்பாடு. தவிட்டில் புரட்டிச் சுட்ட மடவை மீன், வெங்காயம் கருக வதக்கிப் போட்ட சோறு, எலுமிச்சை ஊறுகாய். அவர் மனைவி எங்கள் தட்டைக் காலியாக விடவே இல்லை. "உப்பும் ரொட்டியும் சேந்து தின்னாச்சு. இனிமே நீங்க வேத்தாள் இல்ல" என்றார் ரைய்யிஸ்.

"வேத்தாளா இருந்தா இப்படி முள்ளை மட்டும் மிச்சம் வெச்சிருப்பேனா?" என்றாள் நிஹால். வீடே சிரித்தது. அவள் போகிற இடமெல்லாம் இப்படித்தான்.

அக்டோபர் 22

எல்லைக் கோடு நூறு வருஷத்துக்கு முந்தைய நில அளவையில் வரையப்பட்டது. அந்தக் காலத்தில் பூமியின் உருண்டையை ஒரு விதமாகக் கணக்கிட்டார்கள். செயற்கைக்கோளின் கணக்கு வேறு. ஒரே இடத்துக்கு இரண்டு விலாசம் என்று வைத்துக்கொள்ளலாம். படத்தைப் பழைய கணக்குக்கு மாற்றும்போது இடைவெளி எவ்வளவு என்பதையும் கட்டளையில் சொல்லியாக வேண்டும். மூன்று எண்கள்தான். சொல்லாவிட்டாலும் கணினி ஒன்றும் கேட்காது, எச்சரிக்காது. எண்கள் ஓடும், நூறில் நிற்கும், படம் அழகாகவே வரும். ஆனால் மொத்தமாகக் கிழக்கே தள்ளிப் போயிருக்கும், நூற்றைம்பது மீட்டருக்கு மேல்.

இன்று நிஹால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த மூணு நம்பரை எடுத்துட்டா என்ன ஆகும்?"

"எல்லாம் நகந்துடும். அணைக்கரை கோட்டுக்கு வெளிய போய் உக்காந்துக்கும்."

"யாருக்குத் தெரியும்?"

"பாக்கத் தெரிஞ்சவங்களுக்கு. மதகு ரெண்டா தெரியும்ல."

எடுத்துவிட்டு ஒருமுறை, சேர்த்து ஒருமுறை என இரண்டையும் ஓட்டிக் காட்டினேன். இத்தனை வருஷத்தில் இந்தத் திரையைப் பற்றி அவள் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது. அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

அக்டோபர் 30

முடிந்தது. மதகின் மேல் மதகு அச்சாக உட்கார்ந்திருக்கிறது. அணைக்கரை தலை முதல் வால்வரை ஏரிக்குள். சான்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பொறியாளர் எண்ணையும் எழுதிவிட்டேன்.

எனக்குக் காய்ச்சல். "நீ போர்த்திக்கிட்டுப் படு. பிரிண்ட் எடுத்து நானே கோர்ட்டு நிபுணர்கிட்ட குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள் நிஹால். போகும் வழியில் வீட்டுக்கு வந்து எலுமிச்சையும் தேனும் வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 5

போன் வந்தால் நிஹால் மாடிப்படிக்குப் போய்விடுகிறாள். உள்ளே சிக்னல் இல்லையாம். எனக்கு இருக்கிறதே?

நவம்பர் 16, ஞாயிறு

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நான் கனவு கண்டேன் என்றே நாளைக்கு நினைத்துக்கொள்வேன்.

கஃபர் எல் ஷேக்கில் நிபுணர் அலுவலகம். நிபுணர் ஷவ்கி, ஹாஜி ராகிப்பின் ஆட்கள், மீனவர்களின் வக்கீல் லபீப், ரைய்யிஸ், அவருடன் சங்கத்தார் ஏழெட்டுப் பேர். நாங்கள் இருவர். சுவரில் படத்தை ஒட்டியிருந்தார்கள். நான் கடைசியாக உள்ளே போனேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

மதகு இரண்டாக இருந்தது.

கோட்டால் வரைந்தது ஓரிடத்தில். படத்தில் தெரிவது அதற்குக் கிழக்கே, தனியாக. அணைக்கரை எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே, உலர்ந்த நிலத்தில், சமர்த்தாக. கீழே நான் கொடுத்த சான்றுப் பக்கம், அதில் என் பெயர். என் எண். என் கையெழுத்து.

ஷவ்கி மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னார்: "மீனவர் தரப்பு கொண்டாந்த படமே கரை வெளிய இருக்குன்னு சொல்லுது. அப்புறம் நான் எதுக்கு யோசிக்கணும்?"

"இது என் படம் இல்ல" என்றேன். குரல் எழும்பவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான். ஆனா படம்… மதகைப் பாருங்க சார், ரெண்டா இருக்கு, எல்லாம் நகந்திருக்கு."

"பழைய வரைபடம்னா அப்படி இப்படி இருக்கும்மா" என்றார். "மாத்தினது யாரு?"

நான் நிஹாலைப் பார்த்தேன். அவள் பேசுவாள் என்று. அவள்தானே எப்போதும் பேசுவாள்.

பேசினாள். "கோப்பு மாத்துறதெல்லாம் ராவ்யா வேலை சார். எனக்கு அந்தத் திரையே புரியாது. நான் பிரிண்ட் எடுத்துக் கொண்டாந்தேன், அவ்வளவுதான்."

கண் இமைக்காமல். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

வெளியே படிக்கட்டில் ரைய்யிஸ் நின்றார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "எங்க வீட்டுல தின்னீங்களே எஞ்சினியரம்மா" என்றார். அவ்வளவுதான். மற்றவர்கள் என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள். ஒருவர் காறித் துப்பினார், என் மேல் இல்லை, பக்கத்தில்.

நவம்பர் 17

ஒருவேளை தவறிப்போய் நடந்திருக்கலாம். அன்று ஓட்டிக் காட்டிய இரண்டில் தப்பானதை எடுத்து அச்சுக்குக் கொடுத்திருக்கலாம். விடியும்வரை இதையே சொல்லிக்கொண்டேன். நானே அவளுக்கு ஒரு சாக்குத் தைத்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

எனக்கு முன்பே வந்திருந்தாள். இரண்டு கோப்பை டீ ஊற்றி வைத்திருந்தாள்.

"தப்பான கோப்பைக் குடுத்துட்டியா?"

"இல்ல."

"அப்ப?"

"நான்தான் மாத்தினேன். நீ காமிச்ச மாதிரியே. உக்காரு, கோவப்படாம கேளு."

உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன்?

ஹாஜி ராகிப்புக்கு நைல் டெல்டா முழுக்கப் பண்ணைகளாம். எல்லாவற்றுக்கும் வரைபட வேலை இனி எங்களுக்காம். வசதியானவர்கள் இருக்கும் ஸ்மூஹாவில் அலுவலகத்துக்கு இடம்கூடப் பார்த்துவிட்டாளாம், லிஃப்ட் இருக்கும் கட்டடம். "படியில பூனை மூத்திரம் நாறுற இந்தக் கட்டடத்துலயே கெழவி ஆகணுமா நாம? நமக்காகத்தான்டி செஞ்சேன்."

"என் பேரை வெச்சா?"

"உன் பேரா இருந்தாத்தான் ஒருத்தரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க. உன்னை எல்லாரும் நம்புறாங்க ராவ்யா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேண்டாம்னிருப்பே." கோப்பையை என் பக்கம் தள்ளினாள். "அந்த மீன்காரங்க ஒண்ணும் புண்ணியவான்க இல்ல. மண்ணு கொட்டக் காசு இருந்தா அவங்களும் கொட்டியிருப்பாங்க."

டீயைக் குடிக்கவில்லை. கொட்டவும் இல்லை. எழுந்து வந்துவிட்டேன். டிராமில் ஏறி, இறங்க வேண்டிய இடம் தாண்டி, கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினேன்.

நவம்பர் 19

என்னை எல்லோரும் நம்புகிறார்களாம். அதனால்தானாம்.

நவம்பர் 20

என் மணமுறிவு வழக்கு இரண்டு வருஷம் நடந்தது. ஒரு தேதி விடாமல் கூட வந்தவள் இவள். என் புருஷனின் அண்ணன் கோர்ட்டு வாசலில் என்னை அசிங்கமாகத் திட்டியபோது பையால் அவன் மூஞ்சியில் அடித்தவள். அந்தக் கை. அதே கைதான் அந்த மூன்று எண்களை அழித்தது. எந்த நிஹால் நிஜம்? ரெண்டுமேன்னா நான் என்னதான் பண்றது?

அவள் சிரித்துக்கொண்டு செய்தாளா, கை நடுங்கிச் செய்தாளா? அது ஏன் எனக்குத் தெரிய வேண்டும்? ஆனால் தெரிய வேண்டும்.

நவம்பர் 23

வக்கீல் லபீப்பைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சரியான கோப்பைக் கணினியில் திறந்து, கட்டளையை அவர் கண்ணெதிரே ஓட்டினேன். மூன்று எண்களோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. மதகு சேர்ந்தது, பிரிந்தது. அவர் புத்திசாலி, உடனே புரிந்துகொண்டார்.

"நான் உங்களை நம்பறேன்" என்றார். "ஆனா கோர்ட்டு எப்படிம்மா நம்பும்? சரியானதும் உங்க கணினியில, தப்பானதும் உங்க கணினியில. அவங்கதான் மாத்தினாங்கன்னு நீங்க சொல்வீங்க, இல்லேன்னு அவங்க சொல்வாங்க. மோசடின்னு புகார் குடுத்தா அது தனி கிரிமினல் கேஸ். அது முடியறவரைக்கும் இந்தக் கேஸ் அப்படியே தூங்கும். பத்து வருஷம் ஆனாலும் ஆச்சரியமில்ல. அதுக்குள்ள ஹாஜி இன்னும் ரெண்டு கரை கட்டிடுவார்."

"வேற வழி?"

சொல்லத் தயங்கினார். மேசையில் இருந்த பேனாவை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். "படத்துல பிழை இருக்குன்னு அதை மாத்தினவங்களே எழுதிக் குடுத்தா, புது நிபுணரை நியமிக்கச் சொல்லி நாம கேக்கலாம். உடனே கிடைக்கும்."

"மாத்தினவங்கன்னா?"

"காகிதத்துல யார் பேர் இருக்கோ அவங்க."

நவம்பர் 26

செய்ய மாட்டேன். எதுக்குச் செய்யணும்? அவ செஞ்சதுக்கு நான் ஏன் தலை குனியணும்? என் வேலையில இதுவரைக்கும் ஒரு பிழை காட்டுங்க பாக்கலாம். ஒண்ணு. ஒரே ஒண்ணு.

டிசம்பர் 2

இரண்டு நாளாகப் புயல் மழை. கடற்கரைச் சாலையில் அலை ஏறிவிட்டது. கீழ் வீட்டுக்காரர்கள் வாசலில் மணல் சாக்கு அடுக்குகிறார்கள்.

போனில் ரைய்யிஸைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். யாரோ பெண் எடுத்து, "ஏரிக்குப் போயிருக்கார்" என்றாள். இந்தப் புயலில் எந்தப் படகு போகும்? பின்னால் அவருடைய இருமல் கேட்டது. வீட்டிலிருக்கும் அந்த மூன்றாவது மகளாகத்தான் இருக்க வேண்டும்.

வைத்த பிறகு அந்தக் குரல்தான் காதில் நின்றது. பொய் சொல்லும்போதுகூட மரியாதையாகப் பேசினாள்.

அவர்கள் என்னை வெறுத்துவிட்டுப் போகட்டும். ஆனால் என் கையெழுத்தால் அவர்கள் ஏரி போகக் கூடாது. இதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

டிசம்பர் 4

கையெழுத்துப் போட்டேன். "மாற்றத்தின்போது என் கவனக்குறைவால் ஏற்பட்ட பிழை." லபீப் வாசித்துக் காட்டினார். "கவனக்குறைவு" என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். வாசியுங்கள் என்றேன்.

"உண்மையில நடந்தது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். கேஸ் முடியறவரை யார்கிட்டயும் வாய் திறக்காதீங்க. தெரிஞ்சா ஹாஜி வக்கீல் பிடிச்சுக்குவான்" என்றார்.

டிசம்பர் 9

நிஹால் தன் பொருட்களை எடுத்துப் போக வந்தாள். நான் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்த விஷயம் அவளுக்கு எட்டிவிட்டது. அவள் முகத்தில் பயம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். நிம்மதிதான் இருந்தது.

"நல்ல முடிவு. உனக்குத்தான் எவ்ளோ பெரிய மனசு" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

கட்டிக்கொண்டாள்! நான் மரம் மாதிரி நின்றேன். அவளுடைய அதே வாசனைத் தைலம். அவள் போன பிறகு சட்டையை மாற்றிக்கொண்டேன்.

ஜனவரி 12

பொறியாளர் சங்கத்தின் முடிவு வந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு என் பெயரில் எந்தப் படத்துக்கும் கையெழுத்திட முடியாது. அலுவலகத்தைக் காலி செய்கிறேன். சாவியை வாங்கும்போது கட்டட உரிமையாளர், "அந்தச் சிரிச்ச முகப் பொண்ணு எங்க?" என்று கேட்டார்.

பிப்ரவரி 20, வெள்ளி

நோன்பு தொடங்கிவிட்டது. பெரிய நிறுவனம் ஒன்றில் கோப்பு மாற்றும் வேலை கிடைத்திருக்கிறது. படங்கள் வரும், மாற்றுவேன், இன்னொருவர் கையெழுத்திடுவார். யாரிடமும் பேச வேண்டியதில்லை.

அம்மா திராட்சை இலையில் சோறு சுருட்டிப் பெரிய பாத்திரம் நிறைய வைத்திருந்தாள். "நிஹாலுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். ஒரு வருஷமும் நோன்போட முதல் வெள்ளி தப்ப மாட்டாளே. என்னடி சண்டை உங்களுக்குள்ள? வேலை வேலைன்னு எத்தனை நாளைக்குச் சொல்லுவே?"

லபீப் சொல்லக் கூடாது என்றார்தான். ஆனால் அந்தத் தனிக் கிண்ணத்தைப் பார்த்ததும் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

அம்மா முதலில் நம்பவில்லை. "நீ எங்கயாவது தப்பாப் புரிஞ்சிருப்பே." பிறகு, "அவ அம்மாகிட்ட நான் பேசட்டுமா?" நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"அன்னிக்கு உன் கோர்ட்டு வாசல்ல உக்காந்து உனக்கு ரொட்டி பிட்டு ஊட்டினாளே. அதுவும் நிஜம்தானேடி?"

"அதுவும் நிஜம்தாம்மா. அதான் தாங்க முடியல."

அம்மா அந்தக் கிண்ணத்தை எடுத்து எங்கள் பாத்திரத்திலேயே கொட்டினாள். இருவரும் சாப்பிட்டோம். அதிகமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 3

டிராம் ஜன்னலிலிருந்து ஸ்மூஹாவில் அவள் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். அவள் பெயர் மட்டும். எழுத்துகள் நன்றாக இருக்கின்றன.

ஜூன் 14, ஞாயிறு

லபீப் கூப்பிட்டார். புது நிபுணர் தன் ஆட்களைக் கொண்டு தானே அளந்திருக்கிறார். அணைக்கரை முழுவதும் ஏரிக்குள். "நீங்க அன்னிக்கு எனக்கு ஓட்டிக் காமிச்சதுக்கும் இதுக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசமில்ல" என்றார்.

அதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு மீட்டர்கூட.

செப்டம்பர் 28

தீர்ப்பு. உடைக்க வேண்டும்.

சங்கத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தது முட்டாள்தனம். தெரியும்.

அக்டோபர் 25

மண் அள்ளும் இயந்திரங்கள் வந்துவிட்டனவாம். லபீப் போய்ப் பார்த்திருக்கிறார். "இனிமே நீங்க யார்கிட்ட வேணாலும் பேசலாம். எல்லாம் முடிஞ்சுடுச்சு" என்றார். யாரிடம் பேச? பேசி?

நவம்பர் 6, வெள்ளி

மதியம் தொழுகை முடிந்து போன் அடித்தது. தெரியாத எண்.

"ராவ்யா மகளே. அவத் பேசறேன், புது நம்பர்."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். பின்னால் கூட்டச் சத்தம், தட்டு மோதும் சத்தம், பிள்ளைகள். கரை மூன்று இடத்தில் திறந்துவிட்டதாம். தண்ணீர் உள்ளே போன வேகத்தில் ஒரு படகே சுற்றிவிட்டதாம். குஞ்சு மீன் வந்துவிட்டதாம், கையை விட்டாலே விரலிடுக்கில் ஓடுகிறதாம். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"இன்னிக்கு ஊருக்கே சாப்பாடு. உன்னைக் கூப்பிடணும்னேன், பசங்க ஒத்துக்கல. ஆனா சாப்பிட உக்காந்தா எனக்கு மனசு கேக்கல. தப்பு யாருக்கும் வரும்மா. நீ ஓடி ஒளியாம ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டியே, அது பெரிசு. நான் உன்னை மன்னிச்சுட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மன்னித்துவிட்டாராம். நன்றி ரைய்யிஸ் என்று சொல்லி வைத்திருப்பேன். வாய்வரை வந்துவிட்டது.

"அந்த எஞ்சினியரம்மா உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல, தெரியுமா? 'ராவ்யா மனசு தங்கம், கவனம்தான் பத்தாது. தப்பு என் கண்ணுல பட்டதும் நான்தான் அவளை ஒத்துக்க வெச்சேன்'னாங்க."

"யாரு? நிஹாலா? எப்பச் சொன்னா?"

"இப்பத்தான். விருந்துக்கு வந்திருக்காங்கல்ல. அவங்க இல்லேன்னா இந்தக் கரை உடைஞ்சிருக்குமா?"

என் குரல் தெளிவாக வந்தது. அது எனக்கே ஆச்சரியம்.

"ரைய்யிஸ், அந்தத் தப்பு என்னோடது இல்ல. நான் சரியாத்தான் மாத்தி வெச்சேன். எனக்குக் காய்ச்சல்னு படத்தைக் கொண்டுபோய்க் குடுத்தது அவ. ஹாஜிக்காக மாத்தினதும் அவ. அவளே என் முன்னால உக்காந்து ஒத்துக்கிட்டா. வக்கீலுக்கு எல்லாம் தெரியும், கேளுங்க."

"அப்ப நீ ஏன் கையெழுத்துப் போட்டே?"

"சண்டைக்கு நின்னா பத்து வருஷம் ஆகும்னாங்க. கரை உடையணும்ல."

அவர் இருமினார். நடந்து தள்ளிப் போனார் போலிருக்கிறது, கூட்டச் சத்தம் குறைந்தது. யாரிடமோ, "லபீப் எங்க உக்காந்திருக்கார்?" என்று கேட்டார். அங்கேதான் இருந்திருக்கிறார் வக்கீல். போனைக் கையால் பொத்திக்கொண்டு பேசியது மங்கலாகக் கேட்டது. கேள்வி ஒன்று. பதில் சின்னது.

திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "பெரிய மீனை எடுத்து நானே அவ தட்டுல வெச்சேன் மகளே" என்றார்.

"ரைய்யிஸ், வேண்டாம், இப்ப அங்க வெச்சு…"

"என் வீட்டுல சாப்பிட உக்காந்தவளை நான் எழுப்ப மாட்டேன். அந்த வழக்கம் எங்ககிட்ட இல்ல." சற்று நின்று சொன்னார்: "சாப்பிட்டு முடிக்கட்டும்."

போனை அணைக்க மறந்து எங்கோ வைத்துவிட்டார். கூட்டத்தின் நடுவே நிஹாலின் குரல் கேட்டது. ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் சிரித்தார்கள், எல்லோரையும்விடச் சத்தமாக அவளும்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நானே அணைத்துவிட்டேன்.